நெல்லிமேட்டுக்கு நாலு இன்ச்

கல்வராயன் மலையில் துணி விற்பது காஜா மைதீன் என்றுதான் வெளியில் பேர். வண்டி அவருடையது, ஸ்டீயரிங் அவர் கையில், விலை சொல்வதும் அவர். ஆனால் மலைக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். "பாய் வண்டி ஓட்டுவாரு. யாவாரம் பாயம்மாது" என்பார்கள்.

பாயம்மா என்றால் நூர்ஜகான். கல்யாணமான புதிதில் கள்ளக்குறிச்சியிலிருந்து புருஷனோடு பஸ்ஸில் மூட்டை போட்டுக்கொண்டு வெள்ளிமலைக்கு ஏறியவள். அப்போது சும்மா துணைக்குத்தான் போனாள். ஒரு தடவை காஜா மைதீன் ஊர் நடுவில் சேலைகளை விரித்துப்போட்டுத் தொண்டை வற்றக் கூவியும் பெண்கள் வாசலைத் தாண்டி வரவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நூர்ஜகான் பாதி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் வெளியே வரும்போது மூட்டையில் ஒன்றும் இல்லை.

அன்று பிடித்த பழக்கம், பஸ் போய் சொந்தமாக ஒரு ஜீப் வண்டி வந்த பிறகும் மாறவில்லை. காஜா மைதீன் வண்டியின் பின்கதவைத் திறந்து லுங்கியும் துண்டும் விற்றுக்கொண்டிருப்பார். ஏதாவது ஒரு வீட்டுக்குள் நூர்ஜகானின் கடை நடக்கும். ஒருத்தியின் தோளைப் பார்த்தாலே ரவிக்கை அளவு சொல்லிவிடுவாள். உள்ளாடைகளைத் தனிப் பையில் அடியில் வைத்திருப்பாள். கேட்கக் கூச்சப்படுகிறவளுக்குக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். துணி எடுத்து முடிந்ததும் பேச்சு தொடங்கும். மிளகு பறிக்கக் கேரளா போன புருஷன் போன் பண்ணுவதில்லை என்று ஒருத்தி சொல்வாள். இரண்டாவதும் கலைந்துபோச்சு என்று இன்னொருத்தி அழுவாள். மாமியாருக்குத் தெரியாமல் ஒருத்தி கேட்பாள், டவுனில் எந்த டாக்டரம்மாவைப் பார்க்கலாம் என்று. நூர்ஜகான் அதையெல்லாம் வண்டியில் திரும்பும்போது புருஷனிடம்கூடச் சொல்லமாட்டாள். அடுத்த முறை போகையில் அந்தந்த ஆளிடம் விட்ட இடத்திலிருந்து கேட்பாள்.

இந்தத் தொழில் நான்கைந்து வருஷமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. போனைத் தடவினால் துணி வீட்டுக்கு வருகிற காலம். டெலிவரிப் பையன்கள் பைக்கில் வெள்ளிமலை வரைக்கும் வர ஆரம்பித்துவிட்டார்கள். தார் ரோடு போகிற ஊர்களில் எல்லாம் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே, "இப்பதான்க்கா பார்சல் வந்துச்சி" என்றார்கள். மிச்சம் இருந்தது ரோடு இல்லாத ஊர்கள். வெள்ளிமலையைத் தாண்டி, ஓடையில் இறங்கி ஏறிப் போகிற மூன்று ஊர்கள். அதில் கடைசி ஊர் நெல்லிமேடு. நூர்ஜகானுக்கு மலையிலேயே மனசுக்குப் பிடித்த ஊர் அதுதான்.

போன ஐப்பசி மழையில் ஓடைக்கு அக்கரைப் பாதை அரித்துக்கொண்டு போய்விட்டது. மண் எல்லாம் போய் நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டி நின்றது. முதல் தடவை வண்டியின் வயிறு அதில் மோதி சைலன்சர் பிய்ந்தது. இரண்டாவது தடவை ஆயில் தொட்டி உடைந்து, ஊர்க்காரர்கள் டிராக்டர் கொண்டுவந்து வெள்ளிமலை வரை இழுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நெல்லிமேட்டுப் பக்கமே போகவில்லை. மரவள்ளி வெட்டி லாரி ஏற்றி, ஊரில் கையில் காசு புழங்குகிற மாசமும் வந்துவிட்டது. நெல்லிமேட்டுக் கண்ணகி, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று நூர்ஜகானுக்குப் போன் செய்தாள். "இன்னா பாயம்மா, எங்கள மறந்துட்டீங்களா?"

நூர்ஜகான் போனை அப்படியே புருஷனிடம் நீட்டினாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த காஜா மைதீன், "கெளம்பு நூரு, சுஐப்கிட்ட போயிட்டு வருவோம்" என்றார். சுஐப் அவருடைய அக்கா மகன். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வண்டிகளை உயரம் தூக்கிப் பெரிய டயர் மாட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேர்.

ஒர்க்‌ஷாப் வாசலில் அன்று ஒரு கறுப்பு வண்டி நின்றிருந்தது. நைனார்பாளையத்துக் கரும்பு விவசாயி மகன் சுபாஷுடையது. யானைக் கால் மாதிரி டயர்கள், ஒவ்வொன்றிலும் கட்டை கட்டையாகப் பல். காஜா மைதீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது.

"மலைக்கெல்லாம் ஏறுதா தம்பி?" என்று கேட்டார்.

"நான் இன்னும் மலைப்பக்கம் போவலீங்க பாய். சும்மா ஒரு கெத்துக்கு" என்று சுபாஷ் சிரித்தான்.

சுஐப், மாமாவின் வண்டியை மேலே தூக்கி வைத்து, டார்ச் அடித்து அடிவயிற்றில் இருந்த காயங்களைக் காட்டினான். நூர்ஜகானுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தான். அவள் அதில் உட்கார்ந்து, வலது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மாமா, ரெண்டு இன்ச் தூக்கிடலாம். டயரு ஒரு சைஸ் ஜாஸ்தி. எதையும் அறுக்கத் தேவையில்ல. ஓட்டுறதுலயும் வித்தியாசம் தெரியாது."

"ரெண்டு இன்ச்சுல அந்தப் பாறைய தாண்டிடுமா?"

"பாத்து ஓட்டுனா ஒருவேள தாண்டும். கேரண்டி சொல்ல மாட்டேன்."

"நாலு தூக்குனா?"

சுஐப் கையைத் துடைத்துக்கொண்டான். "தாண்டும். ஆனா நாலுன்னா வேற கதை மாமா. அதுக்கேத்த டயரு போட்டா மட்கார்டுல உரசும், அறுக்கணும். பிரேக் ஓஸு எட்டாது, நீட்டணும். ஸ்பிரிங் பட்டை மாத்தணும், ஷாக் மாத்தணும். வளைவுல வண்டி சாயும். நீங்க வேற மேல கேரியர்ல மூட்டை கட்டுறீங்க. பிரேக் போட்டாலும் கொஞ்சம் தள்ளிப் போயிதான் நிக்கும். ஆர்டிஓ கண்ணுல பட்டா அது தனி வம்பு."

"பாறையில மோதி மோதி சாவறதுக்கு அது பரவால்ல" என்றார் காஜா மைதீன். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி, "நீ இன்னா சொல்ற நூரு?" என்று கேட்டார்.

நூர்ஜகான் சுபாஷின் வண்டியைப் பார்த்தாள். அதன் கதவு திறந்திருந்தது. உள்தரை அவள் தொடைக்கு மேலே வரும்போல இருந்தது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது, மாடிப்படி கூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அதைப் புருஷனிடம் பாதிதான் சொல்லியிருந்தாள். முழுவதும் சொன்னால் மலைக்கே வராதே என்று சொல்லிவிடுவார் என்று பயம். இப்போது சொன்னால், என் காலுக்காகத்தான் நெல்லிமேடு போச்சு என்று ஆகும். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் அவளுக்கே அப்படித் தோன்றிவிடும்.

"கண்ணகி கூப்டுக்கினே இருக்கா. நாலே போடுங்க" என்றாள்.

சுஐப் மாமியின் முகத்தைப் பார்த்தான். "மாமி, ஏற எறங்க கஷ்டமா இருக்கும்."

"ஸ்டூல் வச்சிக்கினு ஏறுறேன். நான் இன்னா கெழவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வண்டி தயாராகி வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். காஜா மைதீன் பத்து வயசு குறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நூர்ஜகான் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினாள். முழங்காலில் யாரோ ஊசி குத்தின மாதிரி இருந்தது. மேலே உட்கார்ந்ததும் தெரு முழுக்கத் தெரிந்தது.

முதல் பயணம் நல்லபடியாகத்தான் போனது. கோமுகி அணையைத் தாண்டி மலை வளைவுகளில் ஏறும்போது வண்டி ஊஞ்சல் மாதிரி சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அவள் மேல்பிடியை விடவே இல்லை. டயர்கள் தார் ரோட்டில் ஓயாமல் இரைந்தன. பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தது. ஓடையில் இறங்கி அக்கரை ஏறியதும் அந்தப் பாறை வந்தது. காஜா மைதீன் வண்டியை மெதுவாக விட்டார். வயிற்றில் ஒன்றும் படவில்லை. பாறையைத் தாண்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பி, "அல்ஹம்துலில்லாஹ். பாத்தியா!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நெல்லிமேட்டில் பெண்கள் ஓடி வந்தார்கள். கண்ணகி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அவளை இறக்கினாள். அன்று மூட்டை நிறைய விற்றது. ஆனால் மூன்று ஊரிலும் இறங்கி ஏறியதில், வீடு திரும்பியபோது நூர்ஜகானால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, கேட்ட புருஷனிடம், "ரொம்ப நேரம் தொங்கப்போட்டு உக்காந்தேன்ல, அதான்" என்றாள். அவரும் நம்பினார். நம்புவதற்கு அவருக்கு ஆசையாக இருந்தது.

இரண்டாவது பயணத்தில்தான் அது நடந்தது. காலையிலிருந்தே மலையில் தூறல். நெல்லிமேட்டில் வியாபாரம் முடிந்து, கண்ணகியின் வீட்டிலிருந்து வெளியே வந்தபோது வண்டி சரிவில் நின்றிருந்தது. காஜா மைதீன் மேலே கேரியரில் மூட்டைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். "இரு நூரு, நான் வந்து ஏத்துறேன்" என்றார். கண்ணகியும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். நூர்ஜகான் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஈரப் பாறையில் ஸ்டூலைப் போட்டாள். ஒரு காலை வைத்து எம்பினாள். ஸ்டூல் வழுக்கிக்கொண்டு போனது. கைப்பிடி கையிலிருந்து நழுவ, அவள் இடுப்பு பாறை விளிம்பில் இடித்தது. அந்தச் சத்தம் மேலே நின்ற காஜா மைதீனுக்கே கேட்டது.

வலி அப்போது உடனே வரவில்லை. எழுந்திருக்கலாம் என்று பார்த்தாள். இடது கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை. வேறு யாருடைய காலோ போல வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பிறகு வலி வந்தது.

அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதுதான் அன்றைக்குப் பெரும்பாடாகிவிட்டது. முன் சீட்டுக்கு வழியே இல்லை. ராசு என்கிற ஊர்ப் பெரியவர், சேலையை விரித்துத் தூளி மாதிரி பிடிக்கச் சொன்னார். விற்காத புதுச் சேலைகள் இரண்டை மடித்துப் போட்டு அதில் அவளைக் கிடத்தி, ஆணும் பெண்ணுமாக நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள். பின்கதவின் தரை அவர்கள் இடுப்புக்கு மேலே வந்தது. சரிவில் நின்றவர்களுக்கு நெஞ்சு உயரம். கையை மேலே தூக்கித்தான் தள்ள வேண்டியிருந்தது. ஒரு பக்கம் தாழ்ந்துபோய் அவள் கால் மடங்கியது. நூர்ஜகான் போட்ட கத்தலில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

"பழைய மாதிரி தாழ்வா இருந்தா அப்படியே தள்ளிவுட்டிருக்கலாம்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் காஜா மைதீனின் கை அப்படியே நின்றுவிட்டது. ராசு, "புடிங்க பாய்" என்று அதட்டிய பிறகுதான் அவர் மறுபடி பிடித்தார்.

கண்ணகி கூடவே ஏறிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நூர்ஜகானின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பாறையைத் தாண்டும்போது வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. நூர்ஜகான் முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள். மலை இறக்கத்தில் காஜா மைதீனுக்கு வேகமாகப் போகவும் பயம், மெதுவாகப் போகவும் பயம். ஒரு வளைவில் எதிரில் பஸ் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய், பள்ளத்துப்பக்கத் தடுப்புச் சுவரை உரசி நின்றது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் திட்டினார். காஜா மைதீன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ஏங்க" என்று பின்னாலிருந்து நூர்ஜகான் கூப்பிட்டாள். "மெதுவா போங்க. எனக்கு ஒன்னுமில்ல."

தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் பௌசியா வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் நூர்ஜகானுக்குக் கட்டிலே கதி. கொஞ்ச நாள் போனதும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வரை நடந்தாள்.

காஜா மைதீன் ஒரு தடவை தனியாக மலைக்குப் போனார். பெண்கள் வந்து பாயம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். காட்டுத் தேன் ஒரு பாட்டிலும் சாமை அரிசியும் கொடுத்தனுப்பினார்கள். துணி மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவர் சேலையை விரித்தால் எட்டி நின்று பார்த்தார்கள், பழைய காலம் மாதிரி. கட்டிய மூட்டை கட்டியபடியே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் சுஐப் மாமியைப் பார்க்க வந்திருந்தான். காஜா மைதீன் சட்டையைக்கூடக் கழற்றாமல், "டேய், நாளைக்கே எல்லாத்தையும் கழட்டு. பழைய டயரயே மாட்டு. எனக்கு அந்த வண்டிய பாக்கவே புடிக்கல" என்றார்.

"கழட்டக் கூடாது" என்றாள் நூர்ஜகான்.

"நீ சும்மா இரு. என் புத்தியில்லாத வேலையாலதான் நீ இப்படிக் கெடக்குற."

"உங்க புத்தியால இல்ல. டாக்டர் மாடி ஏறாதன்னு அப்பவே சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

காஜா மைதீன் அவள் பக்கம் திரும்பினார். "எப்போ சொன்னாரு?"

"போன ரமலானுக்கு முன்னாடி."

"அப்போ ஒர்க்‌ஷாப்புல நான் கேட்டப்ப?"

"சொல்லியிருந்தா நீங்க நெல்லிமேட்டுக்குப் போவமாட்டீங்க."

"உன்ன வுட்டுட்டு எனக்கு இன்னாடி நெல்லிமேடு!" என்றார். சுஐப் நிற்பதையும் பார்க்காமல் அப்படியே கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நூர்ஜகான் அவர் தலையைத் தொடக் கை நீட்டினாள். எட்டவில்லை. குனியவும் முடியவில்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

கோபம் அத்தோடு போய்விடவில்லை. அடுத்த சில நாட்கள் அவர் அவளுக்கு எல்லாம் செய்தார், பேச்சு மட்டும் கம்மி. மருந்து கொடுப்பார், டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இத்தனை வருஷமாகப் பக்கத்து சீட்டில் இருந்தவள் தன்னிடம் ஒரு வலியை மறைத்தாள் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அவளுக்கோ, தான் சொல்லாமலே அவர் கவனித்திருக்கலாம் என்று ஒரு குறை.

கடைசியில் இரண்டு பேர் பேச்சுக்கும் நடுவில், சுஐப் ஆரம்பத்தில் சொன்னபடியே ஆயிற்று. நாலைக் கழற்றி இரண்டு இன்ச்சுக்கு இறக்கினான். பல் வைத்த டயர்களைச் சுபாஷின் சிநேகிதன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். ஒரு சைஸ் பெரிய சாதா டயர் வந்தது. அறுத்த மட்கார்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாய் கிழிந்த மாதிரி அப்படியே நின்றது. அந்த உயரத்தில் ஓடை வரைக்கும் நம்பிப் போகலாம். அக்கரைப் பாறை மேல் நம்பி ஏற்ற முடியாது.

நூர்ஜகான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணகிக்குப் போன் போட்டாள். "ஓடை வரைக்கும் பாய் கொண்டாந்து குடுப்பாரு. நீ எடுத்துக்கினு போயி வூடு வூடா காட்டுறியா? லாபத்துல உனக்குப் பங்கு." கண்ணகி, "எனக்கு அளவெல்லாம் சொல்லத் தெரியாதே பாயம்மா" என்றாள். தெரிந்துகொண்டாள். சீக்கிரமே நூர்ஜகானைவிட நன்றாகவே விற்றாள். ஓடைக்கு அக்கரையில் இருந்த மற்ற இரண்டு ஊருக்கும் அவளே தலையில் மூட்டையோடு நடந்து போனாள்.

ஆடி பிறந்ததும் நூர்ஜகான் முதல் தடவையாக மறுபடி மலைக்குப் போனாள். காஜா மைதீன் அவள் இடுப்பைப் பிடித்து முன் சீட்டில் உட்காரவைத்தார். வழியில் இருவரும் விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். ஓடைக்கரையில் வண்டி நின்றது. அவள் இறங்கவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டாள்.

கண்ணகி தண்ணீரில் இறங்கி வந்தாள். கூட இரண்டு பெண்கள் மட்டும் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சாமைக் காட்டில் களை எடுக்கிறார்களாம். காஜா மைதீன் பின்னால் போய் மூட்டைகளை இறக்க, கண்ணகி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். இந்தக் கலர் போகாது, இந்தப் பூப்போட்டது இன்னும் வேண்டும் என்று அவளே பிரித்து வைத்தாள்.

"சின்னப்பாப்பாக்கு எப்படி இருக்குது?" என்று நூர்ஜகான் கேட்டாள். இரண்டு தடவை கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தவள் அவள்.

"நல்லா இருக்கா பாயம்மா."

"டாக்டரம்மாகிட்ட போனாளா? நான் சொன்ன அந்த அம்மாதானா?"

"தெரியல பாயம்மா. போயிருப்பா."

"அந்த மேலத்தெரு பொண்ணு, அவ புருஷன் கேரளாவுலேருந்து..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க பாயம்மா" என்று கண்ணகி சிரித்துக்கொண்டே மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள். "வெயிலு ஏறதுக்குள்ள போவணும். ரெண்டு ஊரு இருக்குது."

அவர்கள் ஓடையில் இறங்கி, அக்கரை ஏறி, அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே போகும் வரை நூர்ஜகான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. காஜா மைதீன் வந்து அவள் பக்கத்துக் கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியில் சாய்ந்து, அவள் பக்கத்திலேயே நின்றார்.